இறைவன் வைத்த வேறுபாடும் நாம் வைத்த வேறுபாடும்

நவம்பர் 2-ஆம் நாள், கல்லறைத் திருநாளின் மாலை வேளையில், நம் பங்கின் கல்லறைத் தோட்டத்தில் சற்று நின்று பார்ப்போம். புதிதாக வெள்ளையடித்த கல்லறைகள். சிலுவைகளின் மேல் செவ்வந்தி மாலைகள். காற்றில் நடுங்கும் மெழுகுதிரிச் சுடர்கள். கணவரின் கல்லறையருகே அமர்ந்து செபமாலை உருட்டும் மூதாட்டியர் பலரைக் காண்கிறோம். மனைவியின் கல்லறையருகே நிற்கும் முதியவர்களோ சிலரே. ஆண்டுதோறும் நாம் காணும் காட்சிதான் இது. ஆயினும் அதன் பொருளை நாம் எண்ணிப் பார்த்ததுண்டா?

மணமகன் மணமகளைவிட வயதில் மூத்தவராக இருப்பது நம் வழக்கம். கைம்பெண்கள் மிகுதியாக இருப்பதற்கு அது ஒரு காரணம். ஆனால் அது மட்டுமே காரணம் அன்று. இன்று உலகின் ஏறத்தாழ எல்லா நாடுகளிலும் பெண்கள் ஆண்களைவிட நீண்ட காலம் வாழ்கின்றனர். எனினும், மருத்துவமனையின் வெளிநோயாளர் வரிசையில் நின்று பார்த்தால், நோயோடு நாள் கழிப்பவர்களில் பெண்களே மிகுதி என்பதும் தெரிகிறது. ஆண் முன்னதாக மறைகிறான். பெண் நெடுநாள் நோயோடு நடமாடுகிறாள். இது படைத்தவர் வகுத்த நியதியா? அன்றி, நம் வாழ்க்கை முறை விளைவித்த வினையா?

இவ்வினாவுக்கு விடை காண்பது எளிதன்று. ஆணும் பெண்ணும் ஒரே உணவு உண்டு, ஒரே நேரத்தில் உறங்கி, ஒரே வகையான கவலைகளோடு வாழ்ந்தால் அல்லவா இயற்கையின் பங்கு எது, பழக்கத்தின் பங்கு எது என்று பிரித்தறிய முடியும்? அப்படிப்பட்ட வாழ்க்கையை உலகில் எங்கே தேடுவது?

அறிஞர் இருவர் அதற்கு விடை கண்டனர். அவர்கள் தேடிச் சென்ற இடம் நம் திருச்சபையின் துறவு மடங்கள்.

மடத்து ஏடுகள் சொன்ன செய்தி

முதலாமவர் அருட்தந்தை பிரான்சிஸ் மாடிகன், சே.ச. சமூகவியல் அறிஞரான இவர், அமெரிக்க நாட்டில் பள்ளிகளில் கற்பித்துவந்த துறவறச் சகோதரர், அருட்சகோதரியர் ஆகியோரின் வாழ்நாளை ஆராய்ந்து, 1957-ஆம் ஆண்டில் தம் முடிவுகளை வெளியிட்டார். இரு சாராருக்கும் ஒரே பணி. குடும்பச் சுமையோ, பேறுகாலத் துன்பமோ, போர்க்களமோ இல்லை. அவ்வாறிருந்தும் சகோதரியரே நீண்ட காலம் வாழ்ந்திருக்கக் கண்டார். ஆகவே இயற்கையின் பங்கே பெரிது என்பது அவர் துணிபு. ஆனால் பின்னர் வந்தோர் அதில் ஒரு குறையைச் சுட்டிக் காட்டினர். புகை பிடிக்கும் வழக்கம் அந்நாளில் சகோதரரிடையே இருந்தது, சகோதரியரிடையே இல்லை. ஒரே மணியோசைக்கு எழுந்தபோதிலும் இருவர் வாழ்வும் முற்றிலும் ஒன்றாக இருந்ததில்லை.

இரண்டாமவர் மார்க் லூய் என்னும் ஜெர்மானிய மக்கள்தொகை ஆய்வாளர். ஜெர்மனியின் பவேரியா மாநிலத்து மடங்களில் 1890-க்கும் 1995-க்கும் இடையே வாழ்ந்த 11,000-க்கும் மேற்பட்ட துறவியர், கன்னியர் ஆகியோரின் பிறப்பு, இறப்புக் குறிப்புகளை மடத்து ஏடுகளிலிருந்து அவர் திரட்டினார். அவற்றை மதிலுக்கு வெளியே வாழ்ந்த பொதுமக்களின் கணக்கோடு ஒப்பிட்டார். 2003-ஆம் ஆண்டில் வெளிவந்த அவ்வாய்வு நம் சிந்தனைக்குரியது.

வெளியுலகில், இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், ஆண் பெண் வாழ்நாள் இடைவெளி ஆறு ஆண்டுகள் அளவுக்கு விரிந்தது. மடங்களிலோ அவ்வாறு விரியவில்லை. இளம் பருவத்தில் மடம் புகுந்தோரை ஒப்பிட்டபோது, பெண்மையின் இயல்பினால் கிடைக்கும் கூடுதல் வாழ்நாள் ஏறத்தாழ ஓராண்டுக்கு மேல் இல்லை என்று அவர் கண்டார்.

எஞ்சிய ஆண்டுகள் எங்கே போயின? கன்னியரின் வாழ்நாள் வெளியுலகப் பெண்களின் வாழ்நாளைப் பெரும்பாலும் ஒத்திருந்தது. மடத்துத் துறவியரோ வெளியுலக ஆண்களைவிடக் கூடுதலாக வாழ்ந்தனர். எனவே மடம் பெண்ணுக்குப் பெரிதாக ஒன்றையும் கூட்டவில்லை. ஆணுக்கோ ஆண்டுகளைக் கூட்டித் தந்தது. வெளியுலகில் ஆண் இழந்த ஆண்டுகளுள் பெரும்பகுதி இறைவன் குறைத்தவை அல்ல. அவன் வாழ்ந்த வாழ்க்கை விழுங்கியவை.

நம் நாட்டின் கதை

ஐரோப்பாவின் கதை இதுவானால் நம் பாரத நாட்டின் கதை என்ன?

மாதிரிப் பதிவுக் கணக்கின்படி, 1970-75 ஆண்டுகளில் இந்திய ஆணின் சராசரி ஆயுட்காலம் 50.5 ஆண்டுகள், பெண்ணுடையது 49 ஆண்டுகளே. இயற்கை பெண்ணுக்குச் சற்றே கூடுதல் ஆயுளை அளித்திருந்தும், நம் நாட்டில் பெண்ணே முன்னதாக மாண்டாள். பெண் மகவுக்குப் பால் குறைந்தது. நோயுற்றால் மருந்து தாமதமாயிற்று. இளவயதில் மணமும் அடுத்தடுத்துப் பேறும் வந்தன. பேறுகாலத்தில் கைதேர்ந்த உதவி கிட்டவில்லை. 1981-85 ஆண்டுகளில்தான் இந்தியப் பெண்ணின் ஆயுள் ஆணின் ஆயுளைச் சற்றே கடந்தது: பெண்ணுக்கு 55.7, ஆணுக்கு 55.4. 2016-20 கணக்கில் பெண்ணுக்கு 71.4, ஆணுக்கு 68.6.

இவ்வெண்களை மடத்து ஏடுகளோடு சேர்த்துப் படித்தால் ஓர் உண்மை புலனாகிறது. இறைவன் வைத்த வேறுபாடு சிறிது. அதன்மேல் நாம் வைத்த வேறுபாடோ பெரிது. ஓரிடத்தில் அது ஆணின் ஆயுளைக் குறைக்கிறது. மற்றோரிடத்தில் பெண்ணின் ஆயுளைக் குறைக்கிறது. நம் இல்லங்கள் பலவற்றில் இரண்டும் ஒரே கூரையின் கீழ் நிகழ்கின்றன.

உடலில் அமைந்த வேறுபாடுகள்

முதலில், படைப்பிலேயே அமைந்த வேறுபாடுகளை அறிந்துகொள்வோம். அவற்றை அறியாமையாலும் தீங்கு விளைகிறது.

உயிரணுக்களில் பெண்ணுக்கு எக்ஸ் குரோமோசோம்கள் இரண்டு. ஆணுக்கு எக்ஸ் ஒன்று, ஒய் ஒன்று. எக்ஸ் குரோமோசோமில் ஒரு பழுது நேர்ந்தால், பெண்ணுக்குப் பெரும்பாலும் மற்றது கைகொடுக்கிறது. ஆணுக்கு மாற்று இல்லை. நிறக்குருடும், இரத்தம் உறையாமை நோயும் ஆண்களிடையே மிகுதியாகக் காணப்படுவதற்குக் காரணம் இதுவே.

பெண்ணுடலில் சுரக்கும் எஸ்ட்ரோஜன் என்னும் இயக்குநீர், மாதவிலக்கு நிற்கும் வரை, அவள் இதயத்துக்கும் இரத்தக் குழாய்களுக்கும் ஓரளவு காவலாக நிற்கிறது. ஆகவே மாரடைப்பு ஆண்களை முன்னதாகவும், பெண்களை ஏறத்தாழ ஏழு முதல் பத்து ஆண்டுகள் பிந்தியும் தாக்குகிறது. மாதவிலக்கு நின்றபின் அக்காவல் நீங்குகிறது. இரத்த அழுத்தம் ஏறுகிறது. எலும்பின் சுண்ணாம்புச் சத்தும் விரைந்து குறைகிறது. அறுபது வயதுப் பாட்டி முற்றத்தில் வழுக்கி விழுந்தவுடன் இடுப்பு எலும்பு முறிவதன் காரணம் பல ஆண்டுகளுக்கு முன்னரே தொடங்கியிருக்கிறது.

மாரடைப்பின் அறிகுறியிலும் வேறுபாடு உண்டு. நெஞ்சுவலியே இரு பாலார்க்கும் பொதுவான அறிகுறி. ஆனால் மூச்சுத் திணறல், குமட்டல், முதுகிலோ தாடையிலோ வலி, காரணமில்லாத கடும் சோர்வு ஆகியவை பெண்களிடம் கூடுதலாகக் காணப்படுகின்றன. “வாயுத் தொல்லைதான், கொஞ்சம் சுக்கு நீர் குடித்தால் சரியாகிவிடும்” என்று அவளும் சொல்கிறாள், நாமும் நம்பிவிடுகிறோம். அரிய மணிநேரங்கள் அதில் கழிந்துவிடுகின்றன.

இரும்புச் சத்தின் கணக்கு இன்னும் வியப்பானது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020-இல் வகுத்த பரிந்துரைப்படி, வளர்ந்த ஆணுக்கு நாளொன்றுக்கு 19 மில்லிகிராம் இரும்புச் சத்து வேண்டும்; பெண்ணுக்கு 29 மில்லிகிராம் வேண்டும். மாதந்தோறும் அவள் இழக்கும் குருதியே இதற்குக் காரணம். ஆனால் உடலுழைப்பு குறைந்த ஆணுக்கு 2110 கலோரி உணவு தேவையென்றால், அத்தகைய பெண்ணுக்கு 1660 கலோரியே போதும். குறைவாக உண்பவளுக்குக் கூடுதல் இரும்பு வேண்டும்! வீட்டின் சத்துள்ள உணவு யார் தட்டில் விழவேண்டும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமோ?

இவையெல்லாம் இறைவன் வைத்த வேறுபாடுகள். இவை யாரையும் உயர்த்தவும் இல்லை, தாழ்த்தவும் இல்லை. கவனிப்பில் வேறுபாடு தேவை என்பதை மட்டுமே உணர்த்துகின்றன.

ஆண்களின் வாழ்க்கை முறை

இனி நாம் வைத்த வேறுபாடுகளைக் காண்போம். ஆண்களிலிருந்து தொடங்குவது நேர்மையாகும்.

2019-21 ஆண்டுகளில் நடைபெற்ற ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி, நம் நாட்டில் பதினைந்து வயதுக்கு மேற்பட்ட ஆண்களில் 100-க்கு 38 பேர் புகையிலையை ஏதேனும் ஒரு வடிவில் பயன்படுத்துகின்றனர். பெண்களில் 9 பேர். மது அருந்துவோர் ஆண்களில் 100-க்கு 19 பேர், பெண்களில் ஒருவரே. தமிழகத்தில் ஆண்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் மது அருந்துபவர். இந்திய ஆண்களைத் தாக்கும் புற்றுநோய்களில் வாய்ப் புற்றுநோய் முதன்மையாக நிற்பதன் காரணத்தை வேறெங்கும் தேடவேண்டியதில்லை. கெட்டுப்போகும் கல்லீரல், வற்றிப்போகும் இல்லச் சேமிப்பு, குடித்துவிட்டு வண்டி ஓட்டியதால் ஒரே இரவில் தகப்பனை இழக்கும் பிள்ளைகள் — இவற்றை ஒவ்வொரு பங்கும் கண்டிருக்கிறது.

மற்றொரு பழக்கமும் உண்டு. அதற்குப் புகையில்லை, மணமில்லை. அது மௌனம். காய்ச்சலோடு வேலைக்குச் செல்வதை வீரமெனக் கருதுகிறோம். நெஞ்சில் அழுத்தம் என்று சொல்ல வெட்கப்படுகிறோம். இரத்த அழுத்தத்துக்கு வலி இல்லை. நீரிழிவுக்குத் தொடக்கத்தில் ஓசை இல்லை. “எனக்கு ஒன்றுமில்லை” என்று சொல்லிக்கொண்டே ஐம்பதாவது வயதில் பக்கவாதத்தில் சாய்ந்த தகப்பன்மார் எத்தனை பேர்!

மனத்தின் பாரமும் அவ்வாறே. மனச்சோர்வு என்று மருத்துவரிடம் வருவோரில் பெண்களே மிகுதி. ஆனால் தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கின்படி, 2021-இல் நம் நாட்டில் தம் உயிரைத் தாமே போக்கிக்கொண்ட 1,64,033 பேரில் 1,18,979 பேர் ஆண்கள். பெண் அழுகிறாள், அண்டை வீட்டாரிடம் சொல்லி ஆறுகிறாள், அன்னை வேளாங்கண்ணியின் முன் மண்டியிட்டுக் கொட்டித் தீர்க்கிறாள். ஆண் அழக்கூடாது என்று நாம் வளர்த்துவிட்டோம். கடனும் வேலையிழப்பும் குடிப்பழக்கமும் சேர்ந்து நெருக்கும்போது, அவனுக்குப் பேசத் துணையில்லை. பாவசங்கீர்த்தனத் தொட்டியில் திறக்கும் உள்ளம், ஒரு நண்பனிடமும் மருத்துவரிடமும் திறந்தால் பல இல்லங்கள் காப்பாற்றப்படும்.

பெண்களின் வாழ்க்கை முறை

பெண்களின் துன்பம் வேறு வகையானது. அவளைப் பெரும்பாலும் தீய பழக்கம் கெடுப்பதில்லை. தன்னை மறக்கும் பழக்கமே கெடுக்கிறது.

அதே தேசிய ஆய்வில், 15 முதல் 49 வயது வரையுள்ள இந்தியப் பெண்களில் 100-க்கு 57 பேருக்கு இரத்தசோகை இருப்பது தெரியவந்தது. அவ்வயது ஆண்களில் 25 பேருக்கே அது இருந்தது. கல்வியிலும் மருத்துவ வசதியிலும் முன்னேறியதாக நாம் பெருமை கொள்ளும் தமிழகத்திலும், அவ்வயதுப் பெண்களில் பாதிக்கு மேற்பட்டோர் இரத்தசோகை உடையவர்களே. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, தலை சுற்றுகிறது, கால் உளைகிறது, எதிலும் மனம் பற்றவில்லை. இதை நோய் என்று அவள் எண்ணுவதில்லை. “வயதாகிவிட்டது” என்கிறாள். அவளுக்கு வயது முப்பத்தைந்து!

இயற்கை கூடுதல் இரும்பு கேட்கிறது. நம் பந்தி முறையோ குறைவாகக் கொடுக்கிறது. கணவர் உண்டபின், பிள்ளைகள் உண்டபின், மாமனார் மாமியார் உண்டபின், சட்டியில் மிஞ்சிய குழம்போடு அவள் அமர்கிறாள். ஞாயிற்றுக்கிழமை இறைச்சித் துண்டு எல்லார் தட்டிலும் விழுந்தபின், எலும்பும் சாறும் அவள் பங்காகிறது. யாரும் அவளைத் தடுத்ததில்லை. யாரும் அவளை அழைத்ததும் இல்லை.

ஓய்வின் கணக்கையும் பார்ப்போம். 2019-ஆம் ஆண்டில் நடுவண் அரசு நடத்திய நேரப் பயன்பாட்டு ஆய்வில், ஊதியமில்லா வீட்டு வேலையில் ஈடுபட்ட பெண்கள் 100-க்கு 81 பேர். அவர்கள் நாளொன்றுக்கு அதில் செலவிட்டது 299 நிமிடங்கள். ஆண்களில் 26 பேரே அதில் ஈடுபட்டனர். செலவிட்டது 97 நிமிடங்கள். ஆண்கள் வெளியில் உழைக்கிறார்கள் என்பது உண்மை. அதை நாம் குறைத்துக் கூறவில்லை. ஆனால் வெளியிலும் உழைத்துவிட்டு வரும் பெண்ணுக்கு வீட்டில் ஐந்து மணிநேர வேலை காத்திருக்கிறது. பள்ளி ஆசிரியை, செவிலி, பனியன் ஆலைத் தொழிலாளி, கட்டட வேலைக்குச் செல்பவள் ஆகிய எல்லாருக்கும் இதே நிலை. குறைவது அவள் உறக்கம்.

மேலும் ஒன்று. வேலையிடத்திலும் பயணத்திலும் தூய கழிப்பறை இல்லாமையால், தண்ணீர் குடிப்பதையே தவிர்க்கும் பெண்கள் பலர். பெண்ணின் உடலமைப்பில் சிறுநீர்ப் பாதை குறுகியது. நோய்க்கிருமிகள் எளிதில் உட்புகும். நீர் குறைந்தால் தொற்று மிகும். இங்கே இயற்கையின் வேறுபாடும் நாம் வைத்த வேறுபாடும் கைகோத்துக்கொண்டு அவளை வாட்டுகின்றன.

மார்பிலே ஒரு கட்டி தென்பட்டாலும், மாதவிலக்கு நின்றபின் குருதி கண்டாலும், அதைச் சொல்லக் கூசி மாதக்கணக்கில் மறைப்போர் இன்றும் உண்டு. இந்தியப் பெண்களிடையே மார்புப் புற்றுநோயும், கருப்பைவாய்ப் புற்றுநோயும் முன்னணியில் நிற்கின்றன. தொடக்கத்தில் கண்டால் இரண்டையும் வெல்லும் வாய்ப்பு பெரிது. நாணம் நல்லதுதான், உயிரை விலையாகக் கேட்கும் நாணம் நல்லதன்று.

மடத்தின் ஒழுங்கு நமக்குச் சொல்வது என்ன?

மீண்டும் மடத்துக்கு வருவோம். பவேரியத் துறவிக்கு ஆண்டுகளைக் கூட்டித் தந்தது எது? குடும்பத்தலைவர் மடம் புக முடியாது. ஆனால் மடத்தின் ஒழுங்கில் சிறிதளவு இல்லத்துக்குள் புகலாம் அன்றோ?

மேலைநாட்டுத் துறவற வாழ்வுக்கு வழிகாட்டியான புனித ஆசீர்வாதப்பர், ஆறாம் நூற்றாண்டில் தம் மடத்தாருக்கு ஓர் ஒழுங்கு நூல் எழுதினார். செபத்துக்கு நேரம், உழைப்புக்கு நேரம், வாசிப்புக்கு நேரம், உறக்கத்துக்கு நேரம் என்று அதில் வகுத்தார். உணவுக்கும் பானத்துக்கும் அளவு வைத்தார். நோயுற்ற சகோதரனைப் பேணுவது மற்றெல்லாவற்றுக்கும் முற்பட்ட கடமை என்று விதித்தார்.

இன்னுமொரு விதியும் உண்டு. சகோதரர் யாவரும் வாரத்துக்கு ஒருவராக முறைவைத்துச் சமையற்கட்டில் பணிபுரிய வேண்டும். நோயாலோ மடத்தின் முக்கியப் பணியாலோ அன்றி, யாருக்கும் அதில் விலக்கு இல்லை. வாரப்பணி முடிப்பவர் துணிகளைத் துவைத்து வைக்க வேண்டும். சகோதரரின் பாதங்களையும் கழுவ வேண்டும். சமைப்பதும் பரிமாறுவதும் துலக்குவதும் ஆண்மைக்கு இழுக்கு என்று அப்புனிதர் கருதவில்லை. அன்பு வளரும் இடம் அடுக்களை என்றே கருதினார். பதினான்கு நூற்றாண்டுகளுக்கு மேலாக ஆண்கள் மடத்தில் செய்துவரும் வேலையை நம் வீட்டில் ஆண்கள் செய்யலாகாதோ?

யாயீரின் வீட்டில் ஆண்டவர்

மாற்கு நற்செய்தியின் ஐந்தாம் அதிகாரத்தை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். பன்னிரண்டு ஆண்டுகள் இரத்தப்போக்கினால் வருந்திய பெண் ஒருத்தி, கைப்பொருள் அனைத்தையும் மருத்துவரிடம் செலவிட்டும் குணமடையாமல், கூட்டத்தில் மறைந்து வந்து ஆண்டவரின் ஆடையைத் தொடுகிறாள். அவள் மறைந்து வந்ததன் காரணம் நமக்குத் தெரியும். அவள் நோய் வெளியில் சொல்லமுடியாத நோய். ஆண்டவரோ அவளை மறைவிலேயே விட்டுவிடவில்லை. கூட்டத்தின் நடுவே அவளை நிறுத்தி, மகளே என்று அழைத்து, சமாதானத்தோடு அனுப்புகிறார். பெண்ணின் உடல் நோய் வெட்கத்துக்குரியது என்ற எண்ணத்தை அன்றே அவர் போக்கினார்.

அடுத்து அவர் செல்வது யாயீரின் வீடு. தன் மகளுக்காக, ஊரறிய, ஆண்டவரின் காலில் விழுந்த தகப்பன் அவர். தொழுகைக்கூடத் தலைவர் என்ற பெருமை அவரைத் தடுக்கவில்லை. தமக்கு உதவி வேண்டும் என்று கேட்கத் தெரிந்த ஆண்மகன் அவர். பன்னிரண்டு வயதுச் சிறுமியை உயிர்ப்பித்தபின் ஆண்டவர் இட்ட கட்டளை என்ன? அவளுக்கு உண்ணக் கொடுக்கும்படி சொன்னார். இறப்பை வென்றவர், ஒரு பெண் குழந்தையின் பசியை மறக்கவில்லை. இவ்வொரு கட்டளையை நம் இல்லங்கள் நிறைவேற்றினால், இரத்தசோகைக் கணக்கும் குறையும்.

இல்லத்தில் செய்யத்தக்கவை

பெரிய செலவில்லாமல், நாளை காலையிலிருந்தே தொடங்கத்தக்க சிலவற்றை இங்குக் கூறுகிறோம்.

ஒன்று: நாளில் ஒரு வேளையேனும் குடும்பத்தார் அனைவரும் ஒன்றாக அமர்ந்து உண்ணட்டும். தாய் பரிமாறி முடிக்கும்வரை காத்திருப்பதை இரவுச் செபத்தின் ஒரு பகுதியாகக் கொள்வோம். கீரை, பயறு, முட்டை, மீன், ஈரல் இவற்றில் அவள் பங்கு முதலில் எடுத்து வைக்கப்படட்டும். எலுமிச்சையும் நெல்லிக்கனியும் கொய்யாவும் உணவிலுள்ள இரும்பை உடல் ஏற்கத் துணை செய்கின்றன. உணவோடு குடிக்கும் தேநீரும் காப்பியும் அதைத் தடுக்கின்றன. அவற்றுக்கு ஒரு மணிநேர இடைவெளி விடுவோம்.

இரண்டு: பெண்கள் ஆண்டுக்கொருமுறை ஹீமோகுளோபின் அளவைச் சோதித்துக்கொள்ளட்டும். 12 கிராமுக்குக் குறைந்தால் இரத்தசோகை. கருவுற்றவர்க்கு 11-க்குக் குறைந்தால். ஆணுக்கு 13 கிராம். ஆணுக்கு இது குறைந்தால் உள்ளே குருதிக் கசிவு இருக்கிறதா என்று மருத்துவர் ஆராய வேண்டியிருக்கும். அதை அலட்சியம் செய்யலாகாது.

மூன்று: முப்பது வயது கடந்த ஆண், பெண் இருவரும் இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்துக்கொள்வோம். 140/90 என்ற அளவை எட்டினால், “எனக்கு ஒன்றுமில்லை” என்னும் சொல்லுக்கு இடமில்லை. தமிழக அரசு 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் இவற்றுக்கான மருந்தை வீட்டு வாசலுக்கே கொண்டுவர வழி செய்தது. இடுப்புச் சுற்றளவு ஆணுக்கு 90 சென்டிமீட்டரையும், பெண்ணுக்கு 80 சென்டிமீட்டரையும் தாண்டாதிருப்பது நலம்.

நான்கு: முப்பது வயது கடந்த பெண்கள் கருப்பைவாய்ப் பரிசோதனையும் மார்புப் பரிசோதனையும் செய்துகொள்வார்களாக. கணவர் உடன் செல்வாராக. 9 முதல் 14 வயதுச் சிறுமியருக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் ஊசி உண்டு. பெற்றோர் மருத்துவரைக் கேட்டு அறிந்துகொள்ளட்டும்.

ஐந்து: மாதவிலக்கு நிற்கும் பருவத்திலுள்ள தாய்மாருக்குக் கேழ்வரகு, பால், சிறுமீன், காலை வெயிலில் நடை ஆகியவை எலும்புக்கு உறுதுணை. அப்பருவத்தில் அவர் காட்டும் சினத்தையும் சோர்வையும் குறைகூறாது, உடல் மாற்றம் என்று பொறுத்துக்கொள்வது பிள்ளைகளின் கடமை.

ஆறு: புகையும் மதுவும் விடுவதற்குத் தவக்காலம் நல்ல தொடக்கம், ஆனால் உயிர்ப்புத் திருநாளன்று மீண்டும் தொடங்குவதற்காக அன்று. தனியாக விடமுடியாதவர் மருத்துவ உதவி நாடுவதில் இழுக்கில்லை. குடி ஒரு பாவம் மட்டுமன்று, நோயும்கூட.

ஏழு: வீட்டு வேலையில் ஏதேனும் ஒன்றை ஆண்மக்கள் தம் முறையாக ஏற்கட்டும். ‘உதவி’ என்று அதற்குப் பெயரிட வேண்டாம். மடத்தில் அதற்குப் பெயர் முறைப்பணி. மகனுக்கும் மகளுக்கும் ஒரே அட்டவணை இருக்கட்டும்.

நம் உடல் தூய ஆவியார் குடிகொள்ளும் ஆலயம் என்று திருத்தூதர் பவுல் கற்பித்தார். ஆணின் உடலுக்கு ஒரு விதி, பெண்ணின் உடலுக்கு வேறு விதி என்று அவர் சொல்லவில்லை. ஆலயத்தைத் தீயிட்டுக் கெடுப்பதும் குற்றம். விளக்கேற்றாமல் இருளில் விடுவதும் குற்றம். முன்னது ஆண்கள் தம் உடலுக்குச் செய்வது. பின்னது பெண்கள் தம் உடலுக்குச் செய்வது.

அடுத்த கல்லறைத் திருநாள் வரும். மெழுகுதிரிகள் மீண்டும் ஏற்றப்படும். பிரிவின் நாளை நிர்ணயிப்பவர் இறைவன் ஒருவரே. ஆயினும் அவர் நமக்கெனக் குறித்த ஆண்டுகளை நாமே குறைத்துக்கொள்ளாதிருப்போம். கணவன் மனைவியின் தட்டைப் பார்க்கட்டும். மனைவி கணவனின் மௌனத்தைக் கேட்கட்டும். முதுமையிலும் இருவரும் ஒரே இருக்கையில் அமர்ந்து திருப்பலி காணும் பேறு நம் இல்லங்களில் பலவற்றுக்குக் கிட்டுமாக.